குமாஸ்தாக்களாக மாறிய வக்கீல்கள்: ராஜேந்திர பிரசாத்தின் கதை

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ந் தேதி, நாட்டின் பல ஊர்களில் வக்கீல்கள் சங்கங்கள் கூடுகின்றன. ஒரு படத்துக்கு மாலை போடுகிறார்கள். மூத்த வக்கீல் ஒருவர் பேசுகிறார். காபி வழங்குகிறார்கள். அன்று வழக்கறிஞர் தினம்.

படத்தில் இருப்பவர் தலையில் காந்தி குல்லாய், அடர்ந்த மீசை, கிராமத்துப் பெரியவரின் முகம். அவர்தான் டாக்டர் ராஜேந்திர பிரசாத். இந்தியக் குடியரசின் முதல் ஜனாதிபதி.

ஜனாதிபதியாக அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு ஒரு வக்கீல் எதற்காக இருக்கிறார் என்ற பாடத்தை அவர் படித்த இடம் டெல்லி மாளிகை அல்ல. பீகாரில், நேபாள எல்லையை ஒட்டிய சம்பரான் ஜில்லாவில் அதைப் படித்தார். அங்கே அவர் வாதாடவில்லை. குடியானவர்கள் சொல்லச் சொல்ல உட்கார்ந்து எழுதினார். சுருக்கமாகச் சொன்னால், ஐகோர்ட்டு வக்கீல் அங்கே குமாஸ்தா வேலை பார்த்தார்.

முதல் மாணவர்

ராஜேந்திர பிரசாத் 1884-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி பிறந்தார். ஊர் ஜிராதேயி. அன்று சாரன் ஜில்லா. இன்று சிவான் ஜில்லா. தந்தை மகாதேவ் சகாய், பாரசீகமும் சமஸ்கிருதமும் அறிந்தவர். பையனுக்கு முதல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மவுல்வி. பாரசீக மொழியில்தான் படிப்பு தொடங்கியது.

1902-ல் கல்கத்தா சர்வகலாசாலையின் நுழைவுப் பரீட்சை எழுதினார். அதில் முதல் இடம் பெற்றார். பீகாரின் ஒரு மூலையில் இருந்து வந்த கிராமத்துப் பையன், கல்கத்தா மாணவர்களை எல்லாம் முந்திவிட்டான். மாதம் 30 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்பு முடிந்ததும் முசாபர்பூர் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். பிறகு சட்டம் படிக்க மறுபடியும் கல்கத்தா சென்றார்.

1910-ல் கோபாலகிருஷ்ண கோகலேயைச் சந்தித்தார். கோகலே தமது இந்திய ஊழியர் சங்கத்தில் சேரும்படி அவரை அழைத்தார். சொத்து சேர்க்காமல், நாட்டுக்காக வாழ்நாளைக் கொடுக்க வேண்டிய சங்கம் அது. ராஜேந்திர பிரசாத்துக்கு உள்ளூர ஆசை. அண்ணன் மகேந்திர பிரசாத்திடம் நேரில் கேட்கத் துணிவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் கலங்கிப் போனார். தம்பியின் படிப்பை நம்பிய குடும்பம் அது. அண்ணனின் மனத்தை நோகடித்துத் தேசத்தொண்டு செய்ய ராஜேந்திர பிரசாத்தால் முடியவில்லை. ஆசையை விழுங்கிக்கொண்டார்.

1911-ல் கல்கத்தா ஐகோர்ட்டில் வக்கீலானார். 1916-ல் பாட்னாவில் தனி ஐகோர்ட்டு ஏற்பட்டதும் அங்கே மாறிவந்தார். உழைப்பாளி, கட்சிக்காரரை ஏமாற்றாதவர். தொழில் பெருகியது. வருமானமும் பெருகியது. குடும்பம் நிம்மதி அடைந்தது.

ஜில்லா வக்கீல்கள்

அந்தக் காலத்தில் ஒரு ஜில்லாவின் தலைநகரில் வக்கீல்கள் என்றால் வழக்கு நடத்துகிறவர்கள் மட்டும் அல்ல. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அவர்கள். கலெக்டருக்கு மனு எழுதுவதும் அவர்கள்தான். பள்ளிக்கூடக் கமிட்டி, நகரசபை, காங்கிரஸ் கூட்டம் எதுவானாலும் முன்வரிசையில் அவர்கள் இருந்தார்கள். கோர்ட்டு வளாகத்தில் வக்கீல்கள் உட்காரும் அறைதான் ஊர் விவகாரம் பேசும் இடமாகவும் இருந்தது.

ஆனால் அந்த அறைக்கும் குடியானவனுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. பீஸ் என்பதே அந்தக் கதவு.

முசாபர்பூர், தர்பங்கா, மோதிகாரி ஆகிய ஊர்களின் வக்கீல்கள் நல்லவர்கள். குடியானவர்களின் துயரம் அவர்களுக்குத் தெரியும். வழக்குகளை எடுத்து நடத்தினார்கள். அவர்களில் முதன்மையானவர் தர்பங்கா வக்கீல் பிரஜ்கிஷோர் பிரசாத். சட்டசபையிலும் அவர் குடியானவர்களுக்காகப் பேசியவர். இருந்தும் துயரம் தீரவில்லை. ஒரு வழக்கு ஜெயித்தால் அடுத்த வழக்கு முளைத்தது. அதற்கும் பீஸ் கட்ட வேண்டும்.

அவுரிக் கொடுமை

சம்பரானில் துயரத்தின் பெயர் அவுரி. துணிக்கு நீலச் சாயம் தரும் செடி. பேத்தியா ஜமீனின் கிராமங்களை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். குடியானவர் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் 20 கட்டாவுக்கு 3 கட்டா வீதம், அதுவும் நல்ல நிலமாகப் பார்த்து, அவுரி பயிரிட்டுக் கொடுக்க வேண்டும். விலையை நிர்ணயிப்பவர் முதலாளி. இதற்கு தீன்கட்டியா முறை என்று பெயர்.

1897-ல் ஜெர்மனியில் இருந்து ரசாயன நீலச் சாயம் சந்தைக்கு வந்தது. அவுரிக்கு விலை விழுந்தது. குடியானவனுக்கு விடுதலை கிடைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அவுரி பயிரிடுவதில் இருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்குப் பணம் கொடு என்று முதலாளிகள் கேட்டார்கள். சிலரிடம் குத்தகையை உயர்த்தினார்கள். சிலரிடம் மொத்தமாக ஒரு தொகை பறித்தார்கள். கையில் பணம் இல்லாதவர்களிடம் கடன் பத்திரம் எழுதி வாங்கினார்கள்.

இது போக சில்லறை வரிகள் பல. துரை யானை வாங்கினால் வரி. மோட்டார் வாங்கினால் வரி. குடியானவன் வீட்டில் கல்யாணம் என்றால் வரி. தகப்பன் இறந்து மகன் நிலத்துக்கு வந்தாலும் வரி. கொடுக்க மறுத்தவனுக்கு அடி விழும், மாடு பறிபோகும்.

விடாத சுக்லா

பேத்தியா பக்கத்துக் குடியானவர் ராஜ்குமார் சுக்லா. அவுரியால் நொந்தவர். 1916 டிசம்பரில் லக்னோவில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. அங்கே சுக்லா போனார். சம்பரான் பற்றிய தீர்மானத்தைப் பிரஜ்கிஷோர் பிரசாத் கொண்டுவந்தார், நிறைவேறியது. சுக்லாவுக்குத் திருப்தி இல்லை. தீர்மானம் காகிதத்தில் இருக்கும்; காந்திஜி நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று அவர் பின்னாலேயே அலைந்தார். கான்பூருக்குப் போனார். ஆமதாபாத் ஆசிரமத்துக்கும் போனார்.

கடைசியில் 1917 ஏப்ரலில் கல்கத்தாவில் காந்திஜியைப் பிடித்தார். இருவரும் மூன்றாம் வகுப்பில் ரெயில் ஏறி, ஏப்ரல் 10-ந் தேதி காலை பாட்னா வந்து இறங்கினார்கள்.

பாட்னாவில் சுக்லாவுக்குத் தெரிந்த பெரிய வக்கீல் ராஜேந்திர பிரசாத்தான். நேரே அவர் வீட்டுக்குக் காந்திஜியை அழைத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் இல்லை. கல்கத்தா காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனவர், அங்கிருந்து பூரிக்குச் சென்றுவிட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் காந்திஜியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் காந்திஜி பீகாருக்குப் புறப்படுகிறார் என்ற விஷயம் அவருக்குத் தெரியாது.

வீட்டில் இருந்த வேலைக்காரர்கள் வந்தவர் யார் என்று அறியவில்லை. என்ன சாதியோ என்று சந்தேகப்பட்டார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. வீட்டுக்குள் இருந்த கழிப்பிடத்துக்கும் விடவில்லை. காந்திஜி வருத்தப்படவில்லை. தம்முடன் லண்டனில் படித்த பாரிஸ்டர் மசருல் ஹக்குக்குச் சொல்லி அனுப்பினார். அவர் தமது காரில் வந்து அழைத்துப் போனார். அன்று மாலையே முசாபர்பூருக்கு ரெயில் ஏற்றிவிட்டார்.

பின்னாளில் ராஜேந்திர பிரசாத்தை வெட்கப்பட வைத்த நிகழ்ச்சி இது. சம்பரானுக்குள் நுழைய வந்தவருக்கு, அவர் வீட்டு வாசலே முதல் தடையாக இருந்தது.

பீஸ் கணக்கு

முசாபர்பூர் ஸ்டேஷனில் இரவு நேரத்தில் காந்திஜியை வரவேற்றவர் பேராசிரியர் கிருபளானி. சிந்து மாகாணத்துக்காரர். ராஜேந்திர பிரசாத் முன்பு வேலை பார்த்த அதே கல்லூரியில் ஆசிரியர். அது அரசாங்கக் கல்லூரி. அரசாங்க ஊழியர் ஒருவர் காந்திஜியை உபசரிப்பது ஆபத்தான காரியம். அதை உணர்ந்த ஊர் வக்கீல்கள் மறுநாளே வந்து காந்திஜியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். வக்கீல் கயா பிரசாத் சிங் வீட்டில் ஜாகை. ராம்நவமி பிரசாத் முதலிய இளம் வக்கீல்கள் கூடினார்கள். தர்பங்காவில் இருந்து பிரஜ்கிஷோர் பிரசாத்தும் வந்து சேர்ந்தார்.

வழக்குகளைப் பற்றிக் காந்திஜி கேட்டார். என்ன பீஸ் வாங்குகிறீர்கள் என்றும் கேட்டார். பதிலைக் கேட்டுத் திகைத்துவிட்டார். கல்கத்தா, பாட்னா பாரிஸ்டர்களின் பீஸ் ஆயிரக்கணக்கில் இருந்தது. ஒரு அபிப்பிராயம் எழுதித் தரவே பெருந்தொகை. உள்ளூர் வக்கீல்கள் குறைவாகத்தான் வாங்கினார்கள். பீஸ் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது, குடும்பம் நடக்காவிட்டால் ஏழைக்கு உதவவும் முடியாது என்பது அவர்கள் வாதம். தவறான வாதம் என்று சொல்லிவிட முடியாது.

காந்திஜி அவர்களைக் கண்டித்தார், வெறுக்கவில்லை. இந்த வழக்குகளைப் படித்தபின் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்த வேண்டும் என்று தோன்றுகிறது என்றார். பயத்தில் நடுங்கும் குடியானவனுக்குக் கோர்ட்டால் பயன் இல்லை. முதலில் பயம் போக வேண்டும் என்றார்.

பிறகு அவர் கேட்ட உதவிதான் வக்கீல்களைத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் சட்ட அறிவு எனக்கு அதிகம் வேண்டாம். எனக்கு இந்த ஊர்ப் பேச்சு புரியவில்லை. காகிதங்கள் கைதி எழுத்திலும் உருதுவிலும் இருக்கின்றன. மொழிபெயர்க்க ஆள் வேண்டும். எழுத ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. ஜெயிலுக்குப் போகவும் நேரலாம். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

எழுத்து வேலைக்கு வக்கீல்கள் சம்மதித்தார்கள். ஜெயில் என்பது அவர்களுக்குப் புதிய சங்கதி. அதற்கு மனத்தைப் பழக்கிக்கொள்ள முயற்சி செய்வதாகச் சொன்னார்கள்.

வெளியூர்க்காரர்

காந்திஜி தோட்ட முதலாளிகள் சங்கத்தின் செயலாளரைப் போய்ப் பார்த்தார். நீர் வெளியூர்க்காரர், எங்களுக்கும் குடியானவர்களுக்கும் நடுவில் உமக்கு வேலை இல்லை என்று பதில் வந்தது. கமிஷனரைப் பார்த்தார். அவர் உடனே வெளியேறச் சொன்னார்.

காந்திஜி மோதிகாரிக்குப் போனார். வக்கீல் கோரக் பிரசாத்தின் வீடே அலுவலகம் ஆயிற்று. ஏப்ரல் 16-ந் தேதி, அடிபட்ட ஒரு குடியானவரைப் பார்க்க யானை மீது புறப்பட்டார். வழியில் போலீஸ்காரர் வந்து நோட்டீசு கொடுத்தார். அடுத்து கிடைக்கும் ரெயிலில் ஜில்லாவை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. போக மாட்டேன் என்று காந்திஜி எழுதிக் கொடுத்தார். 18-ந் தேதி கோர்ட்டுக்கு வரும்படி சம்மன் வந்தது.

ஜெயிலா, வீடா?

அப்போது அவருடன் இருந்தவர்கள் தரணீதர், ராம்நவமி பிரசாத் என்ற இரண்டு வக்கீல்கள். நான் ஜெயிலுக்குப் போனபின் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று காந்திஜி கேட்டார். மொழிபெயர்க்க வந்தோம், நீங்கள் ஜெயிலுக்குப் போனால் எங்களுக்கு வேலை முடிந்தது, வீடு திரும்புவோம் என்று பதில் சொன்னார்கள். அப்படியானால் இந்தக் குடியானவர்களை என்ன செய்வது என்று அவர் திரும்பக் கேட்டார்.

அன்று இரவு அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. எங்கோ குஜராத்தில் பிறந்த ஒருவர், நம் ஊர்ப் பேச்சுக்கூடத் தெரியாதவர், நம் ஊர்க் குடியானவனுக்காக ஜெயிலுக்குப் போகிறார். இந்த ஊரிலே பிறந்து, இந்தக் குடியானவர்களின் பணத்திலே வாழும் நாம் வீட்டுக்குப் போவதா? காலையில் கோர்ட்டுக்குப் போகும் வண்டியிலேயே, நாங்களும் ஜெயிலுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பரான் போர் ஜெயித்துவிட்டது என்று காந்திஜி மகிழ்ந்தார்.

கோர்ட்டில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் திரண்டார்கள். காந்திஜி எதிர்வழக்காடவில்லை. உத்தரவை மீறியது உண்மை. தண்டனை கொடுங்கள் என்றார். மாஜிஸ்திரேட்டு திகைத்தார், தீர்ப்பைத் தள்ளிவைத்தார்.

அன்று பிற்பகல்தான் ராஜேந்திர பிரசாத் மோதிகாரி வந்து சேர்ந்தார். மசருல் ஹக், பிரஜ்கிஷோர் பிரசாத், அனுக்ரக நாராயண் சின்ஹா, சம்பு சரண் ஆகியோர் உடன் வந்தார்கள். நடந்ததைக் கேட்டார்கள். அதே கேள்வி அவர்கள் முன்னும் வைக்கப்பட்டது. அவர்களும் ஜெயிலுக்குத் தயார் என்றார்கள். காந்திஜி காகிதம் எடுத்து யாருக்குப் பின் யார் ஜெயிலுக்குப் போவது என்று வரிசை எழுதினார். மூன்றாவது அணியில் ராஜேந்திர பிரசாத்தின் பெயர் இருந்தது.

பாதிரியார் ஆண்ட்ரூசும் அங்கே இருந்தார். அவரைச் சிறிது காலம் தங்க வைக்கலாம் என்று வக்கீல்கள் விரும்பினார்கள். காந்திஜி மறுத்தார். ஒரு வெள்ளைக்காரர் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பு கூடாது என்றார். மனத்தில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டாரே என்று வக்கீல்கள் தலைகுனிந்தார்கள்.

ஜெயிலுக்குப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. மாகாண அரசாங்கம் வழக்கை வாபஸ் வாங்கியது. விசாரணை நடத்தலாம் என்று கலெக்டர் எழுதினார்.

எழுத்து வேலை

அதன் பிறகு நடந்தது சட்ட சரித்திரத்தில் ஒரு புதுமை. மோதிகாரியிலும் பேத்தியாவிலும் வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். குடியானவர்கள் விடிந்தது முதல் வந்து குவிந்தார்கள். ஒவ்வொருவரின் வாக்குமூலமும் எழுதப்பட்டது.

வெறுமனே எழுதவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டே எழுத வேண்டும் என்பது காந்திஜியின் கண்டிப்பு. கேள்விக்கு நிற்காத பேச்சு தள்ளப்பட்டது. ஒரு வார்த்தை மிகைப்படுத்தக் கூடாது. ரகசியப் போலீஸ்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரைத் துரத்தவில்லை, உட்காரச் சொன்னார்கள். போலீஸ் முன்னிலையிலேயே குடியானவன் வாய் திறந்து பேசினான். அங்கேதான் பயம் போயிற்று.

மே மாதத்தின் நடுவுக்குள் சுமார் 4,000 பேரின் வாக்குமூலம் சேர்ந்துவிட்டது. பழைய கோர்ட்டுத் தீர்ப்புகளையும் தேடிப் படித்தார்கள். வக்கீல்களின் படிப்பு அங்கே வீணாகவில்லை. எது சாட்சியம், எது வதந்தி என்று பிரிக்கத் தெரிந்த கை அவர்களுடையது. ராஜேந்திர பிரசாத் காலை முதல் மாலை வரை எழுதினார். ஐகோர்ட்டில் அவருக்காகக் கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

ஒரே அடுப்பு

வேலை சரி, வாழ்க்கை? வக்கீல்கள் ஒவ்வொருவரும் தனித்தனி வேலைக்காரரோடும் சமையல்காரரோடும் வந்திருந்தார்கள். சாதி ஆசாரம் வேறு. இரவுச் சாப்பாடு நடுநிசிக்கு நடக்கும். காந்திஜி அவர்களைப் பார்த்துச் சிரித்தார். கேலி பேசிப் பேசியே மாற்றினார். வேலைக்காரர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரே அடுப்பு, ஒரே சமையல், நேரத்துக்குச் சாப்பாடு.

ராஜேந்திர பிரசாத் அதுவரை வேறு சாதியார் சமைத்த சோற்றைத் தொட்டவர் அல்ல. சம்பரானில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டார். தன் துணியைத் தானே துவைத்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்தார். பாத்திரம் தேய்த்தார். எந்த வீட்டுக் கிணற்றில் காந்திஜிக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டதோ, அந்த வீட்டுக்காரர் இவர்தான்.

பலன்

வாக்குமூலக் கட்டுகளை அரசாங்கத்தால் ஒதுக்க முடியவில்லை. 1917 ஜூனில் பிராங்க் ஸ்லை தலைமையில் விசாரணைக் கமிட்டி அமைத்தது. குடியானவர்கள் தரப்பில் காந்திஜி ஓர் உறுப்பினர். கமிட்டியில் தோட்ட முதலாளிகளின் பிரதிநிதியும் இருந்தார். அறிக்கை ஒருமனதாக வந்தது. 1918-ல் சம்பரான் விவசாயச் சட்டம் பிறந்தது. தீன்கட்டியா ஒழிந்தது. உயர்த்திய குத்தகை குறைந்தது. மொத்தமாகப் பறித்த தொகையில் நூற்றுக்கு 25 பங்கைத் திருப்பிக் கொடுக்க முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள்.

கால் பங்குதானா என்று கேட்டவர்கள் உண்டு. முதலாளி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தான் என்பதே பெரிது என்று காந்திஜி கருதினார். அவன் அசைக்க முடியாதவன் என்ற நம்பிக்கை அத்துடன் உடைந்தது. பல ஆண்டுகள் கோர்ட்டில் கிடைக்காத விடுதலை, ஓராண்டுக்குள் கிடைத்தது.

அங்கி கழன்றது

சம்பரானில் இருந்து திரும்பிய ராஜேந்திர பிரசாத் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். தொழில் நன்றாகவே நடந்தது. ஆனால் பழைய மனிதர் திரும்பி வரவில்லை. 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் தொழிலையே விட்டார். பாட்னா ஐகோர்ட்டின் முன்னணி வக்கீல்களில் ஒருவராக இருந்த நேரம் அது. தம் பிள்ளைகளையும் அரசாங்கப் படிப்பில் இருந்து நிறுத்தினார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அண்ணனுக்காக அடக்கி வைத்த ஆசை அப்போது நிறைவேறியது. இந்தத் தடவை அண்ணனும் குறுக்கே நிற்கவில்லை.

எல்லா வக்கீல்களும் அவரைப் போல் இருந்துவிடவில்லை. தொழிலை விட்டுச் சில ஆண்டுகளில் திரும்பியவர்கள் பலர். குடும்பச் சுமை அப்படி. அவர்களைக் குறை சொல்வதற்கு இல்லை. சம்பரானில் அவர்கள் எழுதிய ஒவ்வொரு தாளும் அந்தக் குடியானவர்களுக்குப் பயன்பட்டது.

கணக்குத் தவறாத நிவாரணம்

1934 ஜனவரி 15-ந் தேதி பிற்பகல் பீகாரில் பெரும் பூகம்பம். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முசாபர்பூர், மோதிகாரி, முங்கேர் நகரங்கள் தரைமட்டமாயின. ராஜேந்திர பிரசாத் அப்போது கைதி. ஆஸ்துமாவால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் விடுதலை ஆனார். படுக்கைக்குப் போகவில்லை, நிவாரணக் கமிட்டி அமைத்தார். 38 லட்சம் ரூபாய் சேர்ந்தது. 

இவ்வளவு பணத்துக்குக் கணக்குப் பார்க்க வந்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குப் படித்து, பம்பாயில் ஆடிட்டர் தொழில் நடத்திய ஜே.சி. குமரப்பா. காந்திஜியோடு வந்தவர்களின் செலவைக்கூட நிவாரண நிதியில் எழுத மறுத்தவர். ராஜேந்திர பிரசாத்தின் நேர்மையும் குமரப்பாவின் பேனாவும் சேர்ந்ததால் அந்த நிதியின் மீது ஒரு சொல் வரவில்லை. சம்பரானில் வாக்குமூலத்துக்கு இருந்த கண்டிப்பு, இங்கே ரூபாய்க்கு இருந்தது.

பதவி

அதே 1934-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டுக்கு ராஜேந்திர பிரசாத் தலைமை வகித்தார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையின் தலைவரானார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், எதிர்க்கருத்துச் சொல்கிறவருக்கும் நேரம் கொடுத்து, பொறுமையாகச் சபையை நடத்தினார். அந்தச் சபை நமக்கு அரசியல் சட்டம் தந்தது.

1950 ஜனவரி 26-ந் தேதி இந்தியா குடியரசானது. கவர்னர் ஜெனரல் பதவியில் இருந்து ராஜாஜி இறங்கினார். ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதி ஆனார். சேலத்தில் வக்கீல் தொழிலை விட்டு வந்தவர் ஒருவர். பாட்னாவில் விட்டு வந்தவர் மற்றவர். நாட்டின் முதல் நாற்காலி இந்த இருவர் கையில் மாறியது.

ஜனாதிபதி சம்பளம் மாதம் 10,000 ரூபாய். அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு அதையும் குறைத்துக்கொண்டார். 1962 மே மாதம் வரை பதவியில் இருந்தார். அந்தப் பதவியில் இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் ஒருவரே. பீகாரில் மொகாமா அருகே கங்கையின் குறுக்கே 1959-ல் திறந்த ரெயில் பாலத்துக்கு ராஜேந்திர பாலம் என்று பெயர். கல்கத்தாவில் இருந்து வடபீகாருக்கு ரெயிலில் போகிறவர்கள் பலர் அதைக் கடந்திருப்பார்கள்.

பதவி முடிந்ததும் டெல்லியில் தங்கவில்லை. பாட்னாவில் சதாகத் ஆசிரமத்துக்குத் திரும்பினார். காந்திஜியைக் காரில் அழைத்துப் போன மசருல் ஹக் உண்டாக்கிய ஆசிரமம் அது. 1963 பிப்ரவரி 28-ந் தேதி அங்கேயே கண்மூடினார்.

டிசம்பர் 3

வக்கீல்கள் சங்கம் என்பது வக்கீல்களின் நலனுக்காக மட்டும் இருந்தால் அதுவும் ஒரு தொழில் சங்கம்தான். அதில் தவறு இல்லை. ஆனால் பிறந்த மண்ணை விட்டு வேறு ஊரில் பிழைக்க வந்தவனுக்குத் தெரியும், கோர்ட்டு வாசலில் நிற்பது எத்தகைய தனிமை என்று. கையில் உள்ள காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று இருக்கும். தான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தால், பாதிப் பயம் போய்விடும்.

1917-ல் முசாபர்பூர், மோதிகாரி, தர்பங்கா, பாட்னா வக்கீல்கள் செய்தது அந்த வேலைதான். அவர்கள் அப்போது எந்தப் பெரிய வழக்கையும் ஜெயிக்கவில்லை. எழுதினார்கள். வீட்டுக்குத் திரும்பாமல் உடன் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனார். மற்றவர்கள் பெயர் பலருக்குத் தெரியாது.

ராஜேந்திர பிரசாத்தின் படத்துக்கு விழும் மாலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.